வாலறுந்த ஃபைல்கள்

தோள்பட்டை இரண்டும் கழன்று விழுந்துவிடும் போல வலித்தது. விடிந்ததிலிருந்து தண்ணீர் சுமக்கிறேன். மாட்டுத் தொட்டியில் மொண்டு, இருபது லிட்டர் கேன்களில் ஊற்றி, வண்டியில் ஏற்றி, வீடு வீடாக இறக்கி. இருபத்தாறு வருடம் வேலிக்கம்பி இழுத்து, ரோடு சீவுகிற வண்டி ஓட்டிய உடம்பு இது. வலி புதிதில்லை. ஆனால் அன்று ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. கேனை இறக்கும்போதே கண் கிளினிக் பக்கம் போனது.

கிளினிக்குக்குப் பின்னால் ஒரு தனித் தொட்டி. அதில் சிவப்புக் கோடு ஒன்று போட்டிருப்பார்கள். தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் கீழே போனால் டயாலிசிஸ் மிஷினை ஓட்டக்கூடாது, மாட்டுத் தண்ணீரையும் அதில் ஊற்றக்கூடாது. அன்று காலை கோட்டுக்கு ஒரு முழம் கீழே கிடந்தது.

என் அக்கா எனிட்டுக்கு வாரத்தில் மூன்று நாள் அந்த மிஷின் வேண்டும். அன்று அவளுடைய நாள். நர்ஸ் ஜூடித் காலையிலேயே சொல்லிவிட்டாள்: "மதியம் ஒரு மணி வரைக்கும் பாப்பேன் ரெக்ஸ். தண்ணி ஏறலன்னா வண்டில ஏத்தி ஆலிஸுக்கு அனுப்பிடுவேன். எனக்கு வேற வழி இல்ல."

ஆலிஸ் நகரம் இங்கிருந்து முந்நூறு கிலோமீட்டர். இங்கே மிஷின் வருவதற்கு முன்னால் ஆழ்துளைக் கிணற்றின் பெயரையே ஊருக்கும் வைத்த எங்கள் ஒன்பதாம் போரிலிருந்து ஐந்து பேர் அப்படிப் போனார்கள். ஒவ்வொருவரையும் "கொஞ்ச நாள்தான்" என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். விடுதியில் ஒரு கட்டில், ஆஸ்பத்திரியில் ஒரு நாற்காலி, இரண்டுக்கும் நடுவே ஒரு வேன். ஐந்து பேரும் பெட்டியில்தான் திரும்பி வந்தார்கள். அக்காவுக்கும் இது தெரியும். பையைக் கட்டி வைத்துக்கொண்டு கிளினிக் வேலி நிழலில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னடா, சும்மா சும்மா வந்து எட்டிப் பாத்துட்டுப் போற? நான் என்ன, எந்திரிச்சு ஓடிருவேனா?"

"தண்ணி வந்துரும் அக்கா."

"தண்ணி வருதோ இல்லியோ, நீ வேர்த்து ஊத்துற வேர்வைய அந்தத் தொட்டில புழிஞ்சாலே கோடு தாண்டிரும்."

போரில் தண்ணீர் இருந்தது. மோட்டாரும் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு நாளுக்கு முன்னால் விழுந்த இடியில் மோட்டாரை ஓட்டுகிற பெட்டிக்கு மட்டும் மறதி வந்துவிட்டது. அதன் சின்னத் திரையில் ஏழு கட்டங்கள். ஏழு எண்களைக் கொடுத்தால்தான் ஓடுவேன் என்று நிற்கிறது. பெட்டியை மாட்டிய ஒப்பந்தக்காரரைப் போனில் பிடித்தேன்.

"ஒவ்வொரு போருக்கும் வேற வேற நம்பர்ப்பா. குருட்டாம்போக்குல எதையாவது போட்டே, மோட்டார் கருகிடும். புதுசு வர மூணு வாரம். போன வருஷம் மாட்டும்போது உங்க ஆளுகிட்ட சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டாரே? ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அடிச்சு வெக்கிறேன்னாரே? என் தாள் ஆலிஸ்ல பூட்டுன ரூம்ல கிடக்கு. நான் வெள்ளிக்கிழமைக்கு முன்னால வர முடியாது."

'உங்க ஆளு' இறந்து எட்டு மாதம் ஆகிறது. அவர் போனபின் பம்பு வேலை என் தலையில் விழுந்தது. சாவியைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

அவர் பெயரை நான் எழுத மாட்டேன். இறந்தவர் பெயரை இந்தப் பாலைவனத்து ஆதிக்குடிகளான எங்களில் யாரும் சொல்வதில்லை. அதே பெயர் வைத்திருக்கிற உயிருள்ள ஆளும் சில வருடத்துக்கு வெறும் குமஞ்ஜாயி ஆகிவிடுவான். பெயரைச் சொல்லக்கூடாதவன் என்று அர்த்தம். அந்தப் பெயர் போல ஒலிக்கிற சொல்லையும் வாயில் எடுப்பதில்லை. அவருடையது பட்டப்பெயர்தான். படுத்துவிட்ட எஞ்சினையெல்லாம் எழுப்பி ஓடவிட்டார் என்று மாட்டுப்பண்ணை முதலாளி வைத்தது. கடைசியில் அதுவே பெயராகிவிட்டது. நோயாளிக்கு மருந்து எழுதித் தருகிறவரை உலகமே கூப்பிடுகிற சொல் இருக்கிறதே, அதன் முன்பாதி, இங்கிலீஷில் மூன்று எழுத்து. அதனால் எட்டு மாதமாக எங்கள் கிளினிக்குக்கு விமானத்தில் வந்து போகிறவர் 'மருந்துக்காரர்'. ஜூடித்துக்கே பழகிவிட்டது.

ஒன்பது மணிக்கு ஊர் ஆபீஸுக்குப் போனேன். வாசலிலேயே நின்றேன். உள்ளே கம்ப்யூட்டருக்கு முன்னால் இருப்பது என் மாமியார். எங்கள் வழக்கப்படி நானும் அவரும் பேசுவதில்லை, முகம் பார்ப்பதில்லை, ஒரே அறையில் நிற்பதே தப்பு. மச்சான் கிளிஃபர்டைக் கூப்பிட்டு வந்தேன். மாமியாருடைய மகன். அவன் உள்ளே போய் ஏதோ சொன்னான். நாற்காலி இழுபடும் சத்தம். அவர் பின்னறைக்குப் போய், கதவைத் திறந்து வைத்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். வயசான கால் ஒன்று மட்டும் கதவோரம் தெரிந்தது. நான் உள்ளே நுழைந்தேன்.

"உக்காரு மச்சான்," என்றான் கிளிஃபர்ட். "பாத்து. ரோடு சீவுற கையி. மவுஸ் செத்துறப் போவுது."

இறந்தவருடைய ஃபைல்கள் ஒரே இடத்தில் இருந்தன. நூற்றெண்பத்தாறு. எதை எழுதினாலும் கடிதமாகத்தான் எழுதுவார், எல்லாவற்றுக்கும் தன் பெயரைத்தான் தலைப்பாகப் போடுவார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இப்போது அங்கே அந்தப் பெயர் இல்லை. குமஞ்ஜாயி 1, குமஞ்ஜாயி 2, குமஞ்ஜாயி 3 என்று கீழே வரைக்கும் போய்க்கொண்டே இருந்தது.

முதலாவதை அமுக்கினேன். எதை வைத்துத் திறக்கட்டும் என்று கேட்டது. படம் பார்க்கிறதைக் காட்டினேன். இது படமில்லை என்றது. பாட்டுக் கேட்கிறதைக் காட்டினேன். சும்மா நின்றது.

"தள்ளு," என்று கிளிஃபர்ட் கையை நீட்டி ஏதோ ஒன்றை அமுக்கினான். 'எப்போதும் இதிலேயே' என்ற கட்டத்திலும் ஒரு டிக் போட்டான். திரை முழுக்கக் கோழி மிதித்த சேறு போல எழுத்துகள். அதற்குப் பிறகு எந்த ஃபைலைத் தொட்டாலும் கேள்வியே இல்லை, நேராகச் சேறு.

"என்னடா பண்ணித் தொலைச்ச?"

"நான் என்ன பண்ணேன்? உள்ளயே அப்படித்தான் இருக்கு. எங்க மாமா எழுத்து அப்படித்தான்."

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். சேறு. பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். டீச்சர் கம்ப்யூட்டரிலும் சேறு. போகிற வழியில் தொட்டியைப் பார்த்தேன். இன்னும் இரண்டு விரல் இறங்கியிருந்தது. திரும்பும்போது பார்த்தால் ஜூடித் வண்டிக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தாள். அக்கா கையை ஆட்டினாள். நான் ஆட்டவில்லை. ஆபீஸுக்குள் நுழைந்து நாற்காலியில் உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன்.

"பேதி புடிச்சவன் மாதிரி ஏன் ஆடுற?" என்றான் கிளிஃபர்ட். "டார்வின் சிட்டிக்குப் போன் போடு. கம்ப்யூட்டர் ரிப்பேருக்குன்னே அங்க ஆள் வெச்சிருக்காங்க."

இருபத்தைந்து நிமிடம் பாட்டுப் போட்டுக் காக்க வைத்தார்கள். கிளிஃபர்டுக்கும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தேன். பதினொன்றே காலுக்கு ஒரு பெண் குரல் வந்தது.

"சொல்லு கண்ணு, நான் டெஸ்பினா. என்ன படுத்துது?"

சொன்னேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன், அக்காவையும் சேர்த்து.

"சரி, சரி, மூச்சு விடு. ஃபைல் கெட்டுப் போயிருக்கலாம். கெட்டிருந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. மொதல்ல சைஸ் பாரு. பூஜ்யம்னு இருக்கா?"

"இல்ல. இருபத்தாறு, முப்பது, நாப்பத்தொண்ணு..."

"அப்ப உசுரு இருக்கு. பேருக்குப் பின்னால ஒரு புள்ளி, அதுக்குப் பின்னால மூணு எழுத்து இருக்கணும். அதுதான் ஃபைலோட வால். அந்த வாலைப் பாத்துதான் கம்ப்யூட்டர் இது என்ன ஜாதி ஃபைல்னு தெரிஞ்சுக்கும். இருக்கா?"

"இல்ல. குமஞ்ஜாயி ஒண்ணு. அவ்வளவுதான்."

"எதுலயும் இல்லியா? நூத்தி எண்பத்தாறுலயும்? அது தானா உதிராது கண்ணு. யாரோ கைவெச்சிருக்காங்க. யாருன்னு கேளு."

யாரென்று கேட்கத் தேவையே இல்லை. கதவோரம் தெரிந்த அந்தக் கால் உள்ளே இழுத்துக்கொண்டது. என்னால் கேட்க முடியாது. கிளிஃபர்டைப் பார்த்தேன்.

"அம்மா," என்று அவன் பின்னறைப் பக்கம் திரும்பினான். "மாமா ஃபைல்ல பேரை மாத்தினது நீதானே?"

"பின்ன வேற யாரு மாத்துவா?" என்றது பின்னறை. "கூடப் பொறந்தவ நான் இருக்கேன். வேற எவளாச்சும் வந்து மாத்துவாளா? காலைல வந்து பொட்டியத் தொறந்தா வரிசையா அவன் பேரு. எப்படி உக்காந்து வேலை பாக்குறது?"

"சரி, பேரை மாத்தின. பின்னால புள்ளி வெச்சு ஏதோ இருந்துச்சாமே, அதையும் ஏன் எடுத்த?"

"வாசல்ல நிக்கிறவருக்குப் புரியலியான்னு கேளு." வாசலில் நிற்கிறவர் நான்தான், உட்கார்ந்திருந்தாலும். "முன்னால ஒரு தரம் அவன் பேரு. பின்னால புள்ளி வெச்சு இன்னொரு தரம் அவன் பேரு. முன்னால அழிச்சுட்டுப் பின்னால விட்டா அது என்ன அழிச்ச லட்சணம்? அந்தப் பொட்டியும் ஒவ்வொரு தடவையும் கேட்டுச்சு: அப்புறம் தொறக்காமப் போகலாம், நிஜமாவான்னு. நிஜமாத்தான், நிஜமாத்தான்னு நூத்தி எண்பத்தாறு தடவ அமுக்கினேன். ரெண்டு நாள் விரல் வீங்கிக் கெடந்துச்சு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. போனை எடுக்கக் கை நீட்டினேன். டெஸ்பினா முந்திக்கொண்டாள்.

"அட, இவ்வளவுதானா? ரொம்பச் சின்ன வேலை! குமஞ்ஜாயிக்குப் பின்னால புள்ளி வெச்சு..."

சொல்லிவிட்டாள். தெளிவாக, சந்தோஷமாக, நான் செவிடன் என்று நினைத்ததுபோல இரண்டாவது தடவையும் சொன்னாள். ஆபீஸ் சுவரெல்லாம் அந்தப் பெயர் மோதித் திரும்பியது. எட்டு மாதமாக எங்கள் ஊரில் யார் வாயிலிருந்தும் வராத பெயர்.

பின்னறையில் நாற்காலி விழுந்தது. பின்கதவு திறந்து மூடியது. ஜன்னல் வழியே பார்த்தேன், பார்க்கக்கூடாது, பார்த்துவிட்டேன். தலையில் முந்தானை போலத் துண்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்து போனார். செருப்பு உள்ளேயே கிடந்தது.

"என்னாச்சு? லைன் கட்டாயிடுச்சா?" என்றாள் டெஸ்பினா.

கிளிஃபர்ட் போனுக்குப் பக்கத்தில் குனிந்தான். அவன் முகத்தில் விளையாட்டு இல்லை. "அம்மா, இப்ப நீங்க சொன்னீங்களே. அது எங்க மாமா பேரு. அவர் செத்துட்டாரு."

"கடவுளே. தெரியாது கண்ணு. எங்க ஆளுங்கல்லாம் செத்தவங்க பேரைத்தான் மொதல்ல பொறக்கிற பிள்ளைக்கு வைப்போம். கத்திக் கத்திக் கூப்பிடுவோம்." குரலைத் தாழ்த்தினாள். "அந்தம்மா இருக்காங்களா?"

"போயிட்டாங்க."

"சரி. நான் சொன்னதை நீங்க அடிக்க வேணாம். அடிக்க மாட்டீங்க, இல்ல?"

"மாட்டோம்," என்றேன். பதினொன்று ஐம்பது. கிளினிக் வண்டியின் எஞ்சினை யாரோ போட்டுப் பார்த்து அணைக்கிற சத்தம் கேட்டது. அக்கா போய்ப் பெட்டியில் வந்தாலும் அந்த மூன்று எழுத்தை என் விரல் அடித்திருக்காது என்று இப்போது சொல்வது எளிது. அப்போது விரல் எழுத்துகளுக்கு மேலேதான் நின்றுகொண்டிருந்தது. அதைக் கிளிஃபர்ட் பார்த்தான்.

"கடிதத்துக்கு வேற வாலும் உண்டு," என்றாள் டெஸ்பினா. "ஆர், டி, எஃப். யார் பேரும் இல்லியே?"

"இல்ல."

"அதைப் போடு. உள்ள இருக்கிறது என்ன ஜாதின்னு அதுவே பாத்துத் தொறந்துக்கும். ஆனா நூத்தி எண்பத்தாறையும் தொறந்து பாக்க உனக்கு நேரமில்ல. வலது பக்கம் தேதி இருக்கு பாரு. பேரை மாத்தினாலும் அந்தத் தேதி மாறாது. பெட்டிய எப்ப மாட்டினாங்க?"

போன வருடம். எப்போது? எனக்கு நினைவில்லை. மழைக்கு முன்னாலா, பின்னாலா?

"எனக்குத் தெரியும்," என்றான் கிளிஃபர்ட். "விளையாட்டு வாரம். ஃபைனல் தோத்தோம்ல, அதுக்கு மறுநாள்தான் அந்த ஒப்பந்தக்காரன் வந்தான்."

"தோத்தோமா? நீ பந்தைக் கோட்டை விட்ட வாரம்னு சொல்லு."

"சூரியன் கண்ணுல அடிச்சுது மச்சான்."

"ஒனக்கு மட்டும் அடிச்சுது."

ஆகஸ்ட் முதல் வாரம். அந்த வாரத்தில் மூன்று ஃபைல்கள். முதலாவதுக்கு வால் வைத்தேன். நிஜமாவா என்று கேட்டது. நிஜமாத்தான். திறந்தது. ஊர் நாய்களைப் பற்றிக் கவுன்சிலுக்கு எழுதிய கடிதம். மூடினேன். இரண்டாவது.

"பம்புப் பெட்டிக்கு ஏழு நம்பர். நிதானமாப் போடவும். நாலாவதைத் தப்பாப் போட்டா மோட்டார் போச்சு, அப்புறம் என்னைத் திட்டக்கூடாது."

அவருடைய குரலே அதில் இருந்தது. கீழே ஏழு எண்கள். அவற்றுக்கும் கீழே அவர் பெயர் வரும் என்று எனக்குத் தெரியும். எல்லாக் கடிதத்திலும் கையெழுத்துப் போடுவார். கிளிஃபர்ட் தன் தொப்பியைக் கழற்றித் திரையின் அடிப்பக்கத்தில் சாத்திப் பிடித்துக்கொண்டான்.

"எழுது," என்றான். "சீக்கிரம் எழுது. கை வலிக்குது."

அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து அதில் எழுதினேன். இரண்டு தடவை சரிபார்த்தோம். டெஸ்பினா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.

போர் நாலு கிலோமீட்டர். சிவப்பு மண்ணில் வண்டி வாலாட்டிக்கொண்டு போனது. பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டு எண்களைப் போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதுக்கு நின்றேன். அட்டையைப் பார்த்தேன், திரையைப் பார்த்தேன், மறுபடி அட்டையை. போட்டேன். ஏழும் முடிந்ததும் அதுவும் கேட்டது: நிச்சயமா? இந்தக் கேள்விக்கு நூற்றெண்பத்தாறு தடவை பதில் சொன்ன விரலை நினைத்துக்கொண்டு அமுக்கினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. பத்து எண்ணும் நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மண்ணுக்கு அடியில் ஏதோ முனகியது. குழாயில் கையை வைத்தேன். அதிர்ந்தது.

கிளினிக்குக்கு வந்தபோது ஒன்று ஐந்து. வண்டி எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா முன் சீட்டில், மடியில் பையோடு. ஜூடித் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள்.

"பம்பு ஓடுது!" என்று கத்தினேன்.

"பம்பு ஓடினாப் போதாது ரெக்ஸ். தண்ணி எங்க?"

தொட்டிக்குப் போகிற குழாயின் மூடியைத் திருகினேன். காற்று சீறியது. காற்று மட்டும். ஜூடித் வண்டியைக் கியரில் போட்டாள். அக்கா கையை நீட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள். ஜூடித் அவளைப் பார்த்தாள்.

"கொஞ்ச நேரம் இரு. என் தம்பி பொய் சொன்னா காது செவக்கும். செவக்கல."

செம்மண் கலரில் ஒரு வாய் தண்ணீர் துப்பியது. மறுபடி காற்று. அப்புறம் நிற்காமல் வந்தது. இரண்டே காலுக்குத் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டது. ஜூடித் நன்றாக ஏறட்டும் என்று இன்னும் ஒரு மணி நேரம் காக்க வைத்து, சோதித்துப் பார்த்து, மூன்றரைக்கு அக்காவை மிஷினில் போட்டாள். நான் ஜன்னலோரம் நின்றேன்.

"உக்காரேன்டா."

"தோள் வலிக்குது. உக்காந்தா எந்திரிக்க மாட்டேன்."

"பேரைச் சொல்ல வெச்சியாமே."

"நான் சொல்லல. அந்த டார்வின்காரி சொன்னா."

"ஸ்பீக்கர்ல போட்டது யாரு?"

அவள் ரத்தம் குழாயில் போய் வந்துகொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் போயிருந்தா ஊரே வந்து அழுதுட்டுப் போயிருக்கும்," என்றாள். "இப்ப ஒன் மாமியாருக்கு நீ ஈடு கட்டணும். அவ தம்பி பேரு அவ காதுல விழுந்தது ஒன் கையால. தெரிஞ்சு நடந்தா என்ன, தெரியாம நடந்தா என்ன."

பொழுது சாய்வதற்குள் கிளிஃபர்ட் வந்தான். தொப்பியைப் போட்டிருந்தான், கண்ணைப் பார்க்கவில்லை.

"அம்மா சொல்லி அனுப்பிச்சுது. மீதி ஃபைலைத் தொடக்கூடாதாம். வாலில்லாமலே கிடக்கட்டுமாம். தொறக்கணும்னா அதுகிட்டக் கேட்டுத்தான் தொறக்கணும்."

"சரி."

"அப்புறம்..."

"சொல்லு."

"ஒரு கங்காரு. நல்ல கொழுத்ததா. ரெண்டு போர்வை. கடையில இருக்கிற மெல்லிசு இல்ல, ஆலிஸ்ல விக்கிற கம்பளி."

"சரி," என்றேன்.

மூன்று வாரம் ஆகிவிட்டது. மாமியார் ஆபீஸுக்கு வருவதில்லை. கடிதங்கள் மேஜையில் குவிகின்றன. பம்பு ஓடுகிறது. அக்கா வாரம் மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து என்னைத் திட்டுகிறாள். இடையில் இரண்டு தடவை துப்பாக்கியோடு போனேன். மழையில்லாத வருடம், எலும்பும் தோலுமாகத்தான் அகப்பட்டது, அதை அவருக்கு அனுப்ப முடியாது. ஆலிஸுக்கும் போகவில்லை. அந்தப் பெயர் காதில் விழுந்ததற்கு, ஒரு கங்காருவும் இரண்டு கம்பளிப் போர்வையும் என் மாமியாருக்கு நான் இன்னும் கொடுக்க வேண்டும்.